விரால் கவ்வுகிறது, முள் ஏறவில்லை: ஜிக்கின் பிரஷ்ஷை எங்கே வெட்டுவது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். லீவு நாளில் நண்பர்களோடு ஆனேக்கல் பக்கத்து ஏரிகளில் விரால் பிடிக்கப் போவோம். ஆன்லைனில் பாஸ் ஜிக் (கனத்த உலோகத் தலையோடு வரும் தூண்டில் முள்) வாங்கினேன், 14 கிராம். முள்ளுக்கு முன்னால், செடியில் மாட்டாமல் தடுக்க, பிரஷ் மாதிரி நைலான் வீட் கார்டு இருக்கிறது. விரால் நன்றாக அடிக்கிறது, ஆனால் சுண்டி இழுத்தால் முள் ஏறாமல் ஜிக் வெறுமனே வந்துவிடுகிறது. பிரஷ்ஷின் நுனியை வெட்டிப் பார்த்தேன், பலனில்லை. முழுவதும் எடுத்துவிடு என்கிறார் நண்பர். எடுத்தால் ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொள்ளாதா?

பதில்: மாட்டிக்கொள்ளும், அதனால் முழுவதும் எடுக்காதீர்கள். நுனியை வெட்டியதும் சரியான வழியில்லை. நைலான் இழை நீளமாக இருந்தால் சுலபமாக வளையும், குட்டையானால் விறைத்துக்கொள்ளும். நுனியில் வெட்ட வெட்ட பிரஷ் இன்னும் முரடாகிறது, மீன் கவ்வும்போது மடங்க மறுக்கிறது. உங்களுக்கு வேண்டியது நீளத்தைக் குறைப்பதல்ல, அடர்த்தியைக் குறைப்பது. அதை அடியில்தான் செய்ய வேண்டும்.

இந்த வகை ஜிக் அமெரிக்காவின் பெரிய வாய் பாஸ் மீனுக்காக உருவானது. அங்கே தண்ணீரில் மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே, தடித்த ராடும் கனத்த லைனும் வைத்துக்கொண்டு வீசுவார்கள். அந்த அளவு பலத்துக்கு ஏற்றபடி பிரஷ்ஷும் அடர்த்தியாக வருகிறது. நீங்கள் ராடு, லைன் பற்றி எழுதவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் வாங்கும் மீடியம் ராடும் தங்கூஸும் (சாதாரண நைலான் லைன்)தான் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சுண்டும் வேகத்தில் ஒரு பங்கைத் தங்கூஸின் இழுவை தின்றுவிடும். மீதியில் ஒரு பங்கு பிரஷ்ஷை மடக்கப் போகும். மிச்சம் இருப்பதுதான் முள்ளுக்கு, அதுவும் விராலின் வாய் எலும்பும் பல்லுமாகக் கடினமானது. முள் ஏறாததில் ஆச்சரியமே இல்லை.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஜிக்கின் தலையை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலின் சதைப்பகுதியைப் பிரஷ்ஷின் நுனியில் வைத்து, முள் இருக்கும் பக்கமாக மெதுவாக அழுத்துங்கள். லேசான அழுத்தத்திலேயே இழைகள் மடங்கி, முள்ளின் கூர் விரலில் தட்டுப்பட வேண்டும். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தியும் பிரஷ் நிமிர்ந்தே நின்றால் அது உங்கள் ராடுக்குப் பொருந்தாத பிரஷ்.

சரி, கத்தரியை எடுக்கும் முன் கையால் ஆனதைச் செய்யுங்கள். பிரஷ்ஷை முன்னும் பின்னும், இடமும் வலமும் நன்றாக மடக்கி மடக்கி விடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்த இழைகள் பிரிந்து விசிறிபோல் விரியும், விறைப்பும் ஓரளவு போகும். சில ஜிக்குகளுக்கு இதுவே போதும். போதவில்லை என்றால் கூரான நகவெட்டியால் நாலைந்து இழைகளை மட்டும் தலையை ஒட்டி, அடியோடு வெட்டுங்கள். பக்கவாட்டில் உள்ளவற்றைத் தொடாமல் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். மறுபடி கட்டைவிரல் சோதனை, மறுபடி நாலைந்து. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதும் நிறுத்திக்கொள்ளுங்கள், வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது. நடுவில் குறைந்ததால் மீதி இழைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, முள்ளின் கூர் அவற்றுக்கு இடையில் ஒளிந்தபடி நிற்கும். செடித்தண்டு எந்தப் பக்கத்திலிருந்து உரசினாலும் விலக்கிவிடும். மீன் மேலிருந்து கவ்வினால் விரிந்து வழிவிடும்.

நீளத்தைக் கடைசியில் பாருங்கள். இழைகளை முள்ளின் மேல் மடக்கினால் கூரைத் தாண்டி 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு மேல் இருப்பதை வெட்டலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே வெட்டிய ஜிக்கில் இழைகள் கூர் வரைக்கும்கூட எட்டவில்லை என்றால் அதைப் பாசி இல்லாத திறந்த தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகாயத்தாமரை பற்றிய பயத்துக்கு வருவோம். அடுத்த முறை செடியோடு ஜிக் வந்தால் பிய்த்து எறிவதற்கு முன் எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். முள்ளில் என்றால் பிரஷ் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். லைன் கட்டும் வளையத்தில், முடிச்சில் என்றால் பிரஷ்ஷுக்கு அதில் சம்பந்தமே இல்லை, ஜிக் தலையின் வடிவம்தான் காரணம். வளையம் தலையின் உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் உருண்டைத் தலைகள் ஆகாயத்தாமரையின் தொங்கும் வேர்களை வாரிக்கொண்டு வரும். கூம்பு வடிவில், மூக்கு நுனியில் வளையம் உள்ள தலை அதே வேர்களுக்குள் நழுவி வந்துவிடும். பலர் இதைக் கவனிக்காமல் பிரஷ்ஷையே குறை சொல்கிறார்கள். ஏரியே தெரியாமல் செடி மூடிக் கிடக்கும் இடத்தில் எந்த ஜிக்கும் வேண்டாம், அங்கே ரப்பர் தவளை என்கிற போலி இரைதான். ஜிக்குக்கு உரிய இடம் செடிக்கூட்டத்தின் ஓரமும் நடுவே திறந்திருக்கும் ஓட்டைகளும்.

பிரஷ்ஷை மெலிய வைத்த பிறகும் நழுவினால் முள்ளின் கூரைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும், வழுக்கினால் தீட்டுங்கள். தங்கூஸுக்குப் பதில் 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்) போட்டால் பாதிப் பிரச்சினை தீரும், அது இழுபடாது. மீன் அடித்ததும் முதலில் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு அப்புறம் சுண்டுங்கள். தொய்ந்த லைனில் சுண்டினால் பிரஷ்கூட மடங்காது.

இழைகள் அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஒரே ஒரு துளி சூப்பர் க்ளூ விடுங்கள். பசை மேலே ஏறினால் பிரஷ் கட்டையாகிவிடும், எனவே பிரஷ் கீழ்நோக்கித் தொங்கும்படி ஜிக்கைப் பிடிக்காதீர்கள். வெட்டிய நைலானும் அறுந்த லைனும் ஏரிக்கரையில் கிடக்கக் கூடாது. நீர்க்கோழியின் காலில் தங்கூஸ் சுற்றிக்கொண்டால் அதை யாரும் போய் அவிழ்த்துவிட முடியாது.

இன்னும் இரண்டு விஷயம். அந்தப் பக்கத்துப் பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு வீசுங்கள். தண்ணீரின் மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். ஜிக் விழுந்தால் கோபத்தில் உடனே அடிக்கும், பிடிப்பது ரொம்ப சுலபம். ஆனால் காவல் போய்விட்டால் அத்தனை குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தை விட்டுவிட்டு நாற்பது, ஐம்பது அடி தள்ளிப் போய் வீசுங்கள்.