வீட்டில் ஒலிப்பதிவு அறை அமைக்கக் குறைந்த விலையில் ஒலித்தடுப்புப் பொருள்கள் எங்கே கிடைக்கும்?

காரைக்குடிக்கு அருகே எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறையை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன். அப்பத்தா பாடும் தாலாட்டுகளை அவர் குரலிலேயே பதிந்து வைக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை.

கடைக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குவது வேறொரு வேலை. ஒன்றுக்கான பொருள் மற்றதற்கு உதவாது. இது தெரியாமல் நான் முதலில் முட்டை அட்டையும் ஓர் அங்குல ஸ்பாஞ்சும் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். தெருவில் போன மொபெட் அப்படியே பதிவில் விழுந்தது. இரண்டும் சட்டென்று தீப்பிடிப்பவை வேறு. தயவுசெய்து வாங்காதீர்கள்.

சத்தத்தைத் தடுப்பது எடைதான். சுவரின் எடை இரண்டு மடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். செட்டிநாட்டு வீட்டின் தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். ஒழுகுவது கதவிலும் ஜன்னலிலும். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தாலே போதும், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது.

எங்கள் அறைக்குத் தேக்கில் இரட்டைக் கதவு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து தம்பியை டார்ச் அடிக்கச் சொன்னேன். இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிச்சக் கோடு. நிலைப்படிக்கு மேலே சுண்டுவிரல் நுழையும் சந்து. வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தம் வரும் இடம். ஆசாரியைக் கூப்பிட்டு, சேரும் இடத்தில் ஒரு சட்டம் அடித்து ரப்பர் பட்டை வைத்தோம். கதவின் அடியில் பழைய லாரி டியூபை நறுக்கி ஆணியடித்தோம். ஜன்னலுக்கு 18 மி.மீ. பிளைவுட் பலகை, விளிம்பு முழுக்க ரப்பர். செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான்.

அடுத்தது எதிரொலி. ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுவர், உயர்ந்த கூரை: கை தட்டினால் ஓசை மணிபோல நீளும். 12 அடிக்கு 10 அடி வெற்று அறையில், கணக்குப்படி அது அடங்க 3 வினாடி வரை ஆகலாம். இந்தக் கணக்கைத் தந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் வாலஸ் சபின். 1895 வாக்கில் எதிரொலித்த ஒரு விரிவுரை அறைக்குள் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஓசை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். நாமும் மெத்தையிலிருந்தே தொடங்கலாம். பரணில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை வெயிலில் காயவைத்து, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று நிறுத்துங்கள். தரையில் ஜமுக்காளம்.

விலை கொடுத்து வாங்க வேண்டியது ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு, ஒன்றுதான். பாய்லர், ஏசி வேலைக்கான பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். பாய்லர் தொழில் நடக்கும் திருச்சி நமக்குப் பக்கம்தான். 50 மி.மீ. தடிமன், அடர்த்தி 48 (கன மீட்டருக்கு 48 கிலோ) என்று சொல்லி வாங்குங்கள். ரீப்பர் சட்டத்தில் நான்குக்கு இரண்டடிப் பலகைகளாக அடைத்து, சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி மாட்டினால் தாழ்ந்த சுருதி ஓசைகளையும் ஓரளவு பிடிக்கும். இழை தோலில் பட்டால் அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். மேலே போர்த்தும் துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் வர வேண்டும். நான் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைகளைப் போர்த்தினேன். ஆறு பலகை, மெத்தைகள், கதவு வேலை எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இவ்வளவு அடைத்தால் அறை புழுங்கும், மின்விசிறியும் ஓடக் கூடாது. அதனால் நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு உட்காருகிறோம். அப்பத்தா விழித்திருப்பார், வண்டிகள் இருக்காது. மயில்கள் அகவத் தொடங்குவதற்குள் மூன்று பாட்டு முடிந்துவிடும்.

நீங்கள் பதியப்போவது தவிலோ டிரம்ஸோ என்றால் இதெல்லாம் போதாது. அந்த அதிர்வு தரை வழியாகவே பக்கத்து வீட்டுக்குப் போகும். அறைக்குள் தனி அறை கட்ட வேண்டியிருக்கும். எதைப் பதியப் போகிறீர்கள், அறையின் நீள அகலம் என்ன என்று எழுதுங்கள், எத்தனை பலகை தேவை என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.