பெரணி தின்ற பசுவும் கன்றும்

கேள்வி: தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் மேயும் எங்கள் பசுவுக்குச் சில மாதங்களாகச் சிறுநீர் சிவந்து போகிறது. பெரணி தின்றதால் வந்த சிறுநீர்ப்பைப் புற்று என்கிறார் கால்நடை மருத்துவர். அதன் நஞ்சு மரபணுவிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். அப்படியானால் கன்றுக்கும் பரம்பரையாக வருமா? பாலைப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பரம்பரையாக வராது, அந்தக் கவலை வேண்டாம். பால் விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை.

பெரணியில் உள்ள டாக்விலோசைடு என்னும் நஞ்சு, காரத்தன்மையுள்ள சூழலில் உருமாறி வீரியம் பெறுகிறது. மாட்டின் சிறுநீர் இயல்பாகவே காரமானது என்பதால், நோய் சிறுநீர்ப்பையைப் பிடிப்பதற்கு அதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மரபணுக்கள் டி.என்.ஏ. என்னும் மூலக்கூறில் நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்டவை; உருமாறிய நஞ்சு அவற்றில் அடினைன் என்னும் எழுத்தின்மீது ஒட்டிக்கொள்கிறது. அறிவியலில் அடக்ட் எனப்படுவது இந்த ஒட்டுதான். ஒட்டு விழுந்த உடனே புற்று வந்துவிடுவதில்லை. இத்தகைய பழுதை வெட்டி நீக்கிச் சரிசெய்யும் நொதிகள் உயிரணுவிலேயே உண்டு (அவ்வழிமுறைகளை விளக்கிய லிண்டால், மாட்ரிச், சன்ஜார் ஆகியோருக்கு 2015-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது). பழுது நீங்குமுன் டி.என்.ஏ. படியெடுக்கப்பட்டால், அந்த இடத்தில் தவறான எழுத்து அமர்ந்து, அந்த உயிரணுவின் வழியில் பிறக்கும் எல்லா உயிரணுக்களிலும் நிலைத்துவிடுகிறது; வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் அப்படி நேர்ந்தால் புற்றுக்கு வழி திறக்கிறது. பீடிப் புகையில் உள்ள பென்சோபைரீன் மனித நுரையீரலில் பி53 என்னும், உயிரணு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவைக் கெடுப்பதும் இந்த முறையில்தான்; அங்கே ஒட்டு விழுவது குவானின் என்னும் மற்றோர் எழுத்தின்மீது.

சிறுநீர்ப்பை உயிரணுவில் விழுந்த பிழை கருமுட்டையைச் சேராது. ஆயினும் கன்று அதே மேட்டில் மேய்ந்தால் அதே நஞ்சைத் தின்னும். குறிப்பாகக் கோடையில் புல் காய்ந்து, நுனி சுருண்ட பெரணித் தளிர்கள் மட்டும் பச்சையாக நிற்கும்போது மாடுகள் அவற்றைக் கடிக்கின்றன. நஞ்சு அதிகமாக இருப்பதும் இளந்தளிரில்தான். ஆகவே தளிர்விடும் காலத்தில் கட்டிவைத்துத் தீவனம் போடுங்கள்.

இந்த நஞ்சு பாலிலும் இறங்குகிறது. பெரணியை மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987-இலேயே வைத்துவிட்டது. அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம்.

மற்ற மாடுகளுக்கும் சிறுநீர் சிவந்தால் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் அது ரத்தம். படியாமல் ஒரே நிறமாக நின்று, மாட்டுக்குக் காய்ச்சலும் இருந்தால், உண்ணியால் வரும் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.