தட்டில் பளிச், கோத்த பின் மங்கல்: பாசிமணி நிறங்களைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: 11-ஆம் எண் பாசிமணிகளில் சிவப்பையும் பச்சையையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து, பட்டையான வளையல் பின்னினேன். தட்டில் குவித்து வைத்திருந்தபோது இரண்டும் பளிச்சென்று இருந்தன. பின்னி முடித்ததும் பழுப்பேறிப்போய்த் தெரிகிறது. நிறத் தேர்வு தவறா?

பதில்: நிறங்களில் தவறில்லை. அவற்றை அடுக்கிய விதம்தான் காரணம். 11-ஆம் எண் மணி ஏறக்குறைய 2 மி.மீ. அகலம்தான். கையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் தனியாகத் தெரியும். தள்ளி நின்று பார்த்தால் கண் அவற்றைக் கலந்துவிடும். சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள் (நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை) என்பதால் அந்தக் கலவை மங்கிய பழுப்பாகிறது. குவியலாக இருந்தபோது ஒவ்வொரு நிறமும் பெரிய பரப்பாக இருந்தது, அதனால் இந்தச் சிக்கல் எழவில்லை.

எதிர் நிறங்களைக் கைவிட வேண்டாம், திட்டுத் திட்டாகக் கோத்துப் பாருங்கள். அளவையும் சமமாக வைக்காதீர்கள். 35 மணி கொண்ட ஒரு சரத்தில் முதன்மை நிறம் 22, துணை நிறம் 10, எடுப்பு நிறம் (கண்ணைச் சட்டென இழுக்கும் நிறம்) 3 என்பது தொடங்குவதற்கு நல்ல கணக்கு. எடுப்பு நிறம் கூடக்கூட அதன் எடுப்பு குறையும்.

நிறத்தைவிட முக்கியமானது வெளிர்மை, அடர்மை வேறுபாடு. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். தேர்ந்தெடுத்த மணிகளைக் கைப்பேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு நிறங்களும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நீங்கள் பின்னும் பூவோ கட்டமோ தூரத்தில் தெரியாது. ஒன்றை இன்னும் வெளிராகவோ அடர்வாகவோ மாற்றுங்கள். சிவப்பை அப்படியே வைத்து, நடுத்தரப் பச்சைக்குப் பதில் இளம்பச்சை சேர்த்தாலே வளையல் தெளிந்துவிடும்.

பக்கத்து நிறமும் கண்ணை ஏமாற்றும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் அழுத்தமாக இல்லை என்ற புகார் வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை; அருகில் நெய்த நிறங்களே கறுப்பை அப்படிக் காட்டின. அதனால் மணியைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சரமாகக் கோக்கப்போகிறீர்கள் என்றால் 5 செ.மீ. சரம் (ஏறக்குறைய 35 மணி) கோத்துப் பாருங்கள். பின்னல் வேலை என்றால் 10 மணி அகலத்தில் 10 வரிசையாவது பின்னுங்கள். பின்னலில் ஒரு மணியை நாலு பக்கமும் வேறு மணிகள் சூழ்வதால், சரத்தில் பார்த்த நிறம் அங்கே மாறித் தெரியும்.

மாதிரிக்கும் நகைக்கும் ஒரே நூலையே பயன்படுத்துங்கள். ஒளி ஊடுருவும் மணிக்குள் வெள்ளை நூல் போனால் நிறம் வெளிறும், கறுப்பு நூல் போனால் அடரும். மெருகையும் ஒரு நிறமாகவே எண்ணுங்கள்: ஒரே சிவப்பு மேட்டாகவும் பளபளப்பாகவும் இருந்தால் இரண்டு சிவப்புதான். உள்ளே வெள்ளி பூசிய மணி கண்ணை முதலில் இழுக்கும், அதை எடுப்பு நிறக் கணக்கில் சேருங்கள்.

மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், மஞ்சள் விளக்கில் ஒருமுறையும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் நீலமும் ஊதாவும் மங்கும், சிவப்பும் மஞ்சளும் தூக்கலாகும். மாலை நேரத்தில் அணியும் நகைக்கு இரண்டாவது பார்வைதான் முக்கியம்.

சாயமேற்றிய மணிகள், குறிப்பாக ரோஸ், ஊதா நிறத்தவை, நாளடைவில் வெளுக்கக்கூடும். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியில் நாலைந்து மணிகளை ஓர் இரவு போட்டு வையுங்கள். இன்னும் சிலவற்றை இரண்டு வாரம் வெயில் படும் ஜன்னலில் வைத்து, டப்பாவில் மூடி வைத்த மணிகளோடு ஒப்பிடுங்கள். நிறம் இறங்கினால் அந்த மணியை வளையலுக்கு எடுக்காதீர்கள். வியர்வையும் உராய்வும் குறைவாகப் படும் காதணிக்கு வைத்துக்கொள்ளலாம்.