முதல் பக்கம் காலியாகவே இருக்கிறது என்று கேட்ட சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. சிறுவயதில் காவிரி மண்ணில் பொம்மை செய்தீர்கள், சுவரெல்லாம் கரியால் வரைந்தீர்கள். இப்போது கும்பகோணத்தில் நல்ல ஓவிய நோட்டு வாங்கி மூன்று மாதமாகியும் கை வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் பல வருடம் இப்படித்தான் இருந்தது.

அந்த நோட்டுதான் தடை. காசு கொடுத்து வாங்கியது, வீணாகிவிடுமோ என்று கை பயப்படுகிறது. அதை அலமாரியில் வையுங்கள். வாய்க்கால் ஓரத்து வண்டல் ஒரு பிடி எடுத்துவந்து மாடோ சட்டியோ பிடித்துப் பாருங்கள். காய்ந்தால் வெடிக்கும், வெடிக்கட்டும். நனைத்தால் திரும்பவும் மண்தானே. அன்று நாம் செய்த எதையும் யாரும் பத்திரப்படுத்தவில்லை. அதனால்தான் அவ்வளவு செய்தோம்.

போன ஆடி 18-க்கு என் மகள் சப்பரத்துக்குக் குதிரை வரைந்து பச்சை வண்ணம் அடித்தாள். திருத்த வாயெடுத்தேன். சட்டென்று, "யானை இப்படியா இருக்கும்?" என்று வகுப்பில் என் படத்தைத் தூக்கிக் காட்டிய ஆசிரியரின் குரல் எனக்குள்ளிருந்தே வந்தது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு அவளோடு உட்கார்ந்து நானும் ஒரு நீல மாடு வரைந்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு குரல் இருக்கும், யாருடையது என்று யோசியுங்கள்.

தினமும் கோலம் போடுவதாகச் சொன்னீர்களே, ஒருநாள் புள்ளி வைக்காமல் கை போன போக்கில் இழுங்கள். சாயங்காலத்துக்குள் கால்பட்டு அழிந்துவிடும். அப்புறம், முதல் ஒரு மாதம் எதையும் படம் எடுக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்.