பழைய காரில் முன்பக்கம் அடிபட்டிருக்கு: சரிபண்ணலாமா, கழித்துவிடலாமா?

குன்னூரில் பனிமூட்டத்தில் தடுப்புச்சுவரில் மோதி, உங்கள் 2011 மாடல் ஆல்ட்டோவின் முன்பக்கம் நசுங்கிவிட்டது, சரிபண்ணுவதா கழிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செலவைப் பிறகு பார்க்கலாம். முதலில் பானட்டைத் திறந்து, இன்ஜினுக்கு இருபக்கமும் ஓடும் சேசிஸ் தண்டை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். பெயிண்ட் வெடித்து, தகடு சுருங்கியிருந்தால் அடி உள்ளே இறங்கிவிட்டது. பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஒருபக்கம் விரல் நுழைந்து, மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே சந்தேகம்தான். தண்டு வளைந்திருந்தால் மலையில் அந்த வண்டி வேண்டாம். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவு. பிரேக் மிதித்தால் ஒருபக்கம் இழுக்கிற காரில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது, இதில் எனக்குச் சமரசமே இல்லை.

பம்பர், விளக்கு, ரேடியேட்டர் மட்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பழைய பாகங்களுக்குக் கோவை உக்கடத்தில் விசாரியுங்கள். டிங்கரிங் செய்பவரிடம் தகட்டை நன்றாகத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியைத் தடிமனாக அப்பினால் நம்ம ஊர் ஈரத்துக்கு அடியில் துரு பிடிக்கும்.

முழு இன்ஷூரன்ஸ் இருந்து, சரிபண்ணும் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் உங்கள் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது. 2026-ல் 15 வருஷம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.