காணி உறுதியைக் கையிலெடுக்கும் முன்னர்: உப்புவெளித் தந்தை ஒருவருக்கு

ஐயா, சென்ற வாரம் நீங்கள் வந்தபோது, மகளின் உயர்தரப் பெறுபேற்றுத் தாளுக்குக் கீழே வீட்டுக் காணியின் உறுதியையும் வைத்திருந்தீர்கள். உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறுதான்; மருத்துவ பீட அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழகங்கள் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) மட்டும் சற்றுக் குறைவு. லண்டனிலுள்ள பெரியப்பா, வெளிநாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும்படி நாள்தோறும் தொலைபேசியில் வற்புறுத்துவதாகச் சொன்னீர்கள். உங்களை ஆறுதல்படுத்தத்தான் பேசத் தொடங்கினேன். உறுதியைக் கண்டதும் நிறுத்திக்கொண்டேன்.

அதை வங்கியில் ஈடு வைக்க வேண்டாம். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையிலும் சித்தியடைந்தால்தான் இங்கு பதிவு பெறலாம். அதுவரை ஏறும் வட்டியைப் பெரியப்பா கட்டப்போவதில்லை. மேலும், மருத்துவராக வேண்டுமென்று உங்கள் மகள் ஒரு தடவையேனும் என்னிடம் சொல்லவில்லை. அவர் காட்டியது ஒரு கொப்பி. வீட்டுக்கு அருகிலுள்ள வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் நீரின் நிறம், மணம், அன்று மழை பெய்ததா என்பவற்றை ஈராண்டாகத் திகதியிட்டு எழுதி வந்திருக்கிறார். எவரும் சொல்லிச் செய்த வேலையல்ல அது.

ஆசிரியத் தொழிலும் வங்கி வேலையும் நீங்கள் அறிந்தவையே. அந்தக் கொப்பியை எழுதும் பிள்ளைக்குப் பொருந்தும் வேலை, சுற்றாடல் மாசைக் கண்காணிக்கும் அரச நிறுவனமான மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் இருக்கிறது; அதைப் பற்றி உங்கள் உறவினர் எவரும் பேசியிருக்கமாட்டார்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1981இல் அது தொடங்கியது. 1988இன் திருத்தத்துக்குப் பின்னரே, மாசு வெளியேற்றும் தொழில்களை உரிமத்தின் கீழ்க் கொண்டுவரவும் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கவும் வழி பிறந்தது.

அரசாங்கம் மாறினால் தலைவரும் மாறுகிற இடந்தானே என்று கேட்டீர்கள். உண்மைதான். ஆனால் தலைவரின் மேசைக்குப் போகும் கோப்பு, களத்தில் நிற்கும் உத்தியோகத்தரின் அறிக்கையில்தான் தொடங்குகிறது. ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் அவித்த நீர் வெளியேறும் வாயிலில் போத்தலைப் பிடித்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே 20 பாகை செல்சியஸில் 5 நாள் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை உட்கொண்டன என்று அளப்பார்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் அவ்வாறு உட்கொள்ளப்படும் ஒட்சிசனுக்கு 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வகுத்த பொது எல்லை, லீற்றருக்கு 30 மில்லிகிராம். போத்தலில் திகதி பிழைத்தால் அத்தனையும் வீண். திகதி பிழைக்காமல் எழுதும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறார்.

மொழியும் இதில் சேர்கிறது. தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றிய அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளிவர வேண்டும். பொதுமக்கள் 30 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்கிறது சட்டம். எங்கள் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்ததையும், அதைக் கைவிடுவதாக 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதை அடுத்த கொட்டியாரக் குடாவில் வலை வீசுபவர் தமிழில் சொல்வதைத் தமிழிலேயே கேட்டு, கருத்துப் பிசகாமல் அறிக்கையில் எழுதக்கூடிய உத்தியோகத்தர்கள் எங்கள் மாவட்டத்துக்கு மிகவும் வேண்டும்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் கற்கலாம். அரச பல்கலைக்கழகமாதலால் கல்விக் கட்டணம் இல்லை. மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அதிகாரசபையில் வெற்றிடம் அறிவிக்கப்படும்வரை காத்திருக்க நேரலாம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அதே படிப்புடன் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கும், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொழிற்சாலைகளுக்கும் விண்ணப்பிக்க இயலும்.

வருகிற சனிக்கிழமை மகளை அந்தக் கொப்பியுடன் அனுப்பிவையுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசையை அவரே எழுதட்டும். உறுதி வீட்டு அலுமாரியிலேயே இருக்கட்டும்.