மில்டன் கீன்ஸில் லைசென்ஸ் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

நான் செவிலியர். சொந்த ஊர் குழித்துறை. இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் வந்து 8 மாதம் ஆகிறது. ஊரில் 11 வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். அந்த லைசென்ஸை வைத்துத்தான் இங்கும் இரவு டியூட்டிக்குப் போய்வருகிறேன். கார் ஆட்டோமேட்டிக். 12 மாதத்துக்கு மேல் அந்த லைசென்ஸ் செல்லாது என்கிறார்கள். ஒரே வாரத்தில் பயிற்சியும் டெஸ்டும் முடித்துத் தரும் கிராஷ் கோர்ஸில் சேரலாமா, வாரம் ஒரு வகுப்பாகப் போகலாமா? ஆட்டோமேட்டிக்கில் எடுத்தால் போதுமா? என் கணவருக்கு ஆங்கிலத்தில் கொஞ்சம் தயக்கம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா தமிழிலேயே தியரி டெஸ்ட் எழுதினாராம். இப்போதும் முடியுமா?

க.

அன்புள்ள க.,

உங்களிடம் மிச்சம் இருப்பது 4 மாதம். எனக்குக் கவலை அதைப் பற்றித்தான். இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் இந்திய லைசென்ஸில் தனியாக ஓட்டலாம். அதற்குப் பிறகு, 11 வருட அனுபவம் இருந்தாலும், நீங்கள் பழகுநர். காரில் எல் போர்டு மாட்ட வேண்டும். 21 வயது நிரம்பி, லைசென்ஸ் வாங்கி 3 வருடமான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவு டியூட்டிக்குத் தினமும் யார் வந்து உட்காருவார்கள்? ‘ஒரு நாள்தானே’ என்று தனியாக எடுத்துப் போனால் இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

ஆகவே பழகுநருக்கான ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்த பிறகுதான் தியரி, தியரி தேறிய பிறகுதான் ஓட்டும் டெஸ்டுக்குத் தேதி. அந்தத் தேதி கிடைக்கவே பல மாதம் ஆகிறது.

தியரியில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். வீடியோவைப் பார்த்து ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியில் 75க்கு 44. யாழ்ப்பாணத்து அக்கா சொன்னது உண்மைதான். முன்பு கேள்விகளைத் தமிழில் காதில் கேட்டு எழுதலாம். 19 மொழிகளில் அந்த வசதி இருந்தது; 2014 ஏப்ரல் 7 முதல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான். எத்தனையோ பேருக்குக் கைகொடுத்த வசதி அது, போனதில் எனக்கு இன்றும் வருத்தம். உங்கள் கணவரை மாதிரித் தேர்வுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிச் சுற்றி வருவது சில நூறு வார்த்தைகள்தான். அவரிடமும் ஊர் லைசென்ஸ் இருந்தால், அவர் வந்த தேதியிலிருந்து தனியாக எண்ணுங்கள்.

கிராஷ் கோர்ஸ் வேண்டாம். நான் முதல் டெஸ்டில் தோற்றவன். ஊரில் 14 வருடம் ஓட்டியிருந்தேன். தேர்வாளர் சாலையோரம் நிறுத்தச் சொல்லி, மறுபடி கிளம்பச் சொன்னார். கண்ணாடி பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், கிளம்பினேன். வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் விழாத இடத்தில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. தேர்வாளர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். சிறு தவறு 15 வரை பொறுப்பார்கள். இந்த மாதிரித் தவறு ஒன்று போதும்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். நம் ஊரில் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்து, தான் வருவதைச் சொல்லிவிடுவார். இத்தனை வருடமும் நான் பின்பக்கத்தைக் காதால் பார்த்து ஓட்டியிருக்கிறேன். இங்கே ஹாரன் சத்தம் கேட்பது அபூர்வம், எல்லாவற்றையும் கண்தான் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் மாற எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு வாரத்தில் மாறியிருக்காது. ரவுண்டானாவும் அப்படித்தான். ஊரில் மூக்கை நுழைத்தவருக்கு வழி. இங்கே வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். மில்டன் கீன்ஸில் தெருவுக்குத் தெரு ரவுண்டானா, அதை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பயிற்சியாளரைப் பிடித்து, முதல் வகுப்பிலேயே டெஸ்ட் மாதிரி ஓட்டவைத்துத் தவறுகளைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். காரின் முன்கண்ணாடியில் பச்சை பேட்ஜ் இருந்தால் முழுத் தகுதி பெற்றவர், பிங்க் என்றால் இன்னும் பயிற்சியில் இருப்பவர். பிறகு வாரம் ஒரு வகுப்பு போதும். மற்ற நாட்களில் டியூட்டிக்குப் போய்வரும் வழியே உங்கள் பயிற்சிக் களம். தனியாக, சட்டப்படி, சொந்தக் காரில் பழகும் இந்த வாய்ப்பு புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கிடையாது.

ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். கியர் வண்டியில் தேறினால் இரண்டும். இருந்தாலும் கையில் இருக்கும் காரிலேயே டெஸ்ட் எடுங்கள் என்பேன். தினமும் ஓட்டுவது ஒன்று, டெஸ்டுக்கு வேறொன்று என்று இந்த 4 மாதத்தில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. விதியை மீறினால் லைசென்ஸில் தண்டனைப் பாயின்ட் போடுவார்கள். லைசென்ஸ் வாங்கிய முதல் 2 வருடத்தில் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தாலே 6 பாயின்ட். டியூட்டி முடிந்து வரும்போது ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளுங்கள்.

தேதி கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்